நாற்பத்திரண்டாவது நாற்காலி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்மேல் ஒரு குறை உண்டு. வாசல் தாண்டியதும் உட்காரச் சொல்வேன். பரவாயில்லை என்றால் விடமாட்டேன், மறுபடியும் சொல்வேன். மூன்றாவது தடவை நாற்காலியையே இழுத்து அவர்கள் முழங்காலுக்குப் பின்னால் போட்டுவிடுவேன். "சிலிண்டரை மாட்டிப்போட்டுப் போயிர்றனுங்கம்மா, என்னை உட்டுருங்க" என்று கேஸ்காரர் ஒருநாள் கெஞ்சினார். அவர் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் விட்டேன். வயதானால் பிடிவாதம் வரும் என்று என் மருமகள் சொல்கிறாள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பிடிவாதம் எனக்கு இருபத்து நாலு வயதிலேயே வந்துவிட்டது. ஒரு மனிதரை நிற்க விட்டதால் வந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த ஆபீசுக்கு மேஜை, நாற்காலி, அலமாரி வாங்குவதும் பழுது பார்ப்பதும் அந்த மனிதருடைய பொறுப்பு. ஸ்டோர்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். முதுகுக்குப் பின்னால் நாற்காலிக்காரர் என்பார்கள், நேரில் "ஏனுங்க" என்று கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. நல்ல உயரம். கதர்ச் சட்டை, வேட்டி, சட்டைப் பையில் மடக்கிய மர அளவுகோல். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மனைவி இறந்துபோய்விட்டாரா, கல்யாணமே ஆகவில்லையா என்பதில் ஆபீசில் இரண்டு கட்சி இருந்தது. இரண்டு கட்சியும் அவரிடம் கேட்டதில்லை. உக்கடம் குளத்துப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார்.

அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த ஒரே விஷயம், அவர் உட்காரமாட்டார் என்பது. ஆபீஸ் முழுக்க யார் எதில் உட்காருவது என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர் எந்த அறைக்குப் போனாலும் நின்றுகொண்டே பேசுவார். அக்கவுண்டண்ட் அவரைக் கண்டதும், "வாங்க, உக்காருங்க" என்பார். "இருக்கட்டுங்க" என்பார் இவர். அக்கவுண்டண்ட் தலையைக் குனிந்து பேரேட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நாற்காலிக்காரருக்கு மூல வியாதி என்று ஒருவர் சொன்னார். பழனிக்கு ஏதோ வேண்டுதல் என்று இன்னொருவர். கர்வம் என்று சொன்னவர்களும் உண்டு. நான் வேண்டுதல் கட்சி.

என் குள்ளத்தை வைத்துத்தான் அவர் எனக்குப் பழக்கமானார். நான் நாலடி பத்து. கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். அந்த ஆபீசில் பெண் நான் ஒருத்திதான். அங்கே இருந்த நாற்பது ஆண்களும் மரியாதையானவர்கள். அந்த மரியாதையில் என்னோடு யாரும் பேசுவதே கிடையாது. காகிதத்தை மேஜை ஓரத்தில் வைத்து, "அடிச்சு வெச்சிருங்க அம்மணி" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். மத்தியானம் ரெக்கார்டு ரூமில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். காலையில் கண்டக்டரிடம் "ஒரு உக்கடம்" என்று சொன்னதற்குப் பிறகு சாயங்காலம்வரை வாயைத் திறக்காத நாட்கள் உண்டு.

எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்டின் நாற்காலியையே எனக்குக் கொடுத்திருந்தார்கள். பதினெட்டு அங்குல உயரம். எனக்குத் தரை எட்டாது. காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானம் ஆனால் தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போகும், இடுப்பு கழன்றுவிடும், விரல்கள் பக்கத்து எழுத்தில் போய் விழும். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, ஏழு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்ட கடிதத்தைக் காட்டினார்.

"மத்தியானத்துக்கு மேல தப்பு ஜாஸ்தியாகுதுங்க அம்மணி. முடியலீன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளைப் பாத்துக்கலாம்."

எங்கள் பக்கத்தில் வேலையிலிருந்து நிறுத்துவதைக்கூட இனிப்பாகத்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு இழுப்பு. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. ஆபீஸ் நாற்காலியைக் குறை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குள்ளமாகப் பிறந்தது என் தப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பியவள் கதவோரம் நின்றுவிட்டேன். நாற்காலிக்காரர் என் நாற்காலிக்கு முன்னால் குந்தியிருந்தார். அதன் பிரம்புப் பின்னலில் உள்ளங்கையைப் பரப்பி வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் என்னைத்தான் போகச் சொல்வார்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சாப்பிடப் போகும்போது என் குடையை நாற்காலியின் குறுக்கே வைத்துவிட்டுப் போனேன்.

குடையைப் பார்த்திருக்கிறார். குடை வைத்த முதல் நாள் சாயங்காலமே வந்து, என் மேஜைக்கு ஆறடி தள்ளி நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. ஆளு உக்காந்திருக்கறப்ப அளக்க முடியாதுங்க. அதுனால எந்திரிச்சுப் போனப்பறம் பாக்கறதுங்க. எல்லாத்துக்கும் அப்படித்தான். பிரம்பு எங்க தளந்திருக்குதோ அங்கதான் பாரம் உழுகுதுன்னு அர்த்தம்." மேஜைக்கடியைக் காட்டி, "நீங்க எடது பக்கமாச் சாஞ்சு, எடது கால் கட்டை வெரலைத் தரையில ஊணிட்டு உக்கார்றீங்க. மத்தியானத்துக்கு மேல இடுப்பு வலிக்குங்களே?" என்றார்.

என்னிடம் அந்த ஆபீசில் யாரும் வலிக்கிறதா என்று கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் என் மேஜைக்கடியில் சாய்வாக அடித்த ஒரு கால்பலகை இருந்தது. நான்கு நாள் கழித்து நாற்காலியின் கால்களும் குறைந்திருந்தன. பதினாலரை அங்குலம் என்று அடியில் பென்சிலால் எழுதியிருந்தார். மேஜையையும் அதற்குத் தகுந்தாற்போல் தாழ்த்தியிருந்தார். சிவப்பு வட்டங்கள் ஏழிலிருந்து ஒன்றுக்கு வந்தன. மேனேஜர், "இப்பப் பரவால்லீங்க அம்மணி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் குடையை மூலையில் சாத்தி வைத்தேன்.

அவர் செய்ததிலேயே எனக்கு மறக்காதது தபால் கிளார்க் விஷயம். அந்தக் கிளார்க் ஐம்பது வயது மனிதர். வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை மாற்றி மாற்றி உறையில் போட்டுவிடுவார், அதற்குத் திட்டு வாங்குவார், திட்டு வாங்கிய பதற்றத்தில் மறுபடி மாற்றிப் போடுவார். நாற்காலிக்காரர் ஒருநாள் அவருடைய காலி நாற்காலியில் உள்ளங்கையை வைத்துவிட்டு மேனேஜரிடம் போனார்.

"ஏனுங்க, இவரு நாற்காலியில முன்வெளிம்பு மட்டும் நாலு வெரல் அகலத்துக்குப் பள்ளமா இருக்குதுங்க. பின்னால பிரம்பு புதுசாட்ட இருக்குது. மனுசன் ஒருநாளும் சாஞ்சு உக்காரலீங்க. எப்பக் கூப்புடுவாங்களோன்னு பயந்துட்டு வெளிம்புலயே உக்காந்திருக்கறாரு."

"அதுக்கு என்னங்க பண்றது?"

"உங்க ரூம் கதவு அவரு முதுகுக்குப் பின்னால இருக்குதுங்க. மேஜையைத் திருப்பிப் போட்டுப்போடலாங்களா? நீங்க வார்றதை அவரு முன்னாலயே பாத்துக்குவாரு."

மேனேஜர் தன் சத்தத்தைக் குறைக்கவில்லை. மேஜையைத் திருப்பியதோடு சரி. ஆனால் மூன்று மாதத்தில் அந்தக் கிளார்க் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். கடிதங்களும் போக வேண்டிய ஊருக்குப் போயின.

இப்படி ஒவ்வொருவர் பாரமும் எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் முகத்துக்கு முகம் பேசத் தெரியாது. வராந்தாவில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுவார். ஒரு காகிதம் கொடுப்பதற்காக ஒருதடவை அவர் இருந்த இடத்துக்குப் போனேன். ஸ்டோர்ஸ் கிடங்கின் கடைசி மூலை. உயரமான ஒரு மரப்பெட்டியின் மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் முப்பது நாற்காலிகள் இருக்கும், ஒன்றுக்குக்கூட நான்கு காலும் முழுசாக இல்லை.

"இத்தனை நாற்காலி இருக்குதுங்களே" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ஆமாங்க. இது பழைய கேசியருது. அந்தக் கை ஒடஞ்சது, போன வருசம் செத்துப்போனாரே டைம்கீப்பர், அவருது. அது உங்களுக்கு ரெண்டு ஆளு முன்னால டைப் அடிச்சவருது." சிரித்தார். "பேச்சுத் தொணைக்கு ஆளிருக்குதுங்க எனக்கு."

என் ரெக்கார்டு ரூம் சாப்பாடு ஞாபகம் வந்தது. ஆபீசில் என்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு மில்லுக்குப் புதிய ஆபீஸ் கட்டிடம் எழும்பியது. முதலாளி தாராள மனதுக்காரர். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், இரண்டிலும் மெல்லத்தான் பேசுவார். பழைய சாமான் ஒன்றும் புதுக் கட்டிடத்துக்கு வரக்கூடாது, ஆபீசில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் புது நாற்காலி செய்யுங்கள் என்று நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் கால் தரையில் பாவவில்லை. யாருக்கு எவ்வளவு உயரம், யாருக்கு முதுகுப் பலகை நிமிர்ந்திருக்க வேண்டும், யாருக்குச் சாய வேண்டும் என்று நோட்டு நிரம்பியது. அதில் சண்டையும் வந்தது. எங்கள் ஆபீசில் கைவைத்த நாற்காலி அதிகாரிகளுக்குத்தான், கிளார்க்குகளுக்குக் கையில்லாதது. இவர் ஒரு கிளார்க்குக்குக் கை போட்டு எழுதியிருந்தார்.

"கிளார்க்குக்கு எதுக்குங்க கை?" என்று கேட்டார் மேனேஜர்.

"அவருக்கும் தோள்பட்டை இருக்குதுங்களே. வலது தோள்ல வலிங்க அவருக்கு."

மேனேஜர் முதலாளி வரைக்கும் கொண்டுபோனார். முதலாளி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தனக்காக ஒருநாளும் வாயைத் திறக்காதவர் அடுத்தவர் தோள்பட்டைக்காக மேனேஜரோடு மல்லுக்கு நின்றதை ஆபீஸ் ஒரு வாரம் பேசியது.

நாற்காலி செய்கிற ஆசாரிக்கு அனுப்ப வேண்டிய பட்டியலை நான்தான் டைப் அடித்தேன். அவர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நோட்டைப் பார்த்துச் சொன்னார். பெயர், உயரம், அகலம், கை உண்டா இல்லையா. மணிக்கணக்கில் சொன்னார். நடுவில் நான், "உக்காந்துட்டுச் சொல்லுங்க" என்றேன். "இருக்கட்டுங்க" என்றார். நான் அடுத்த வரிக்குப் போனேன். நாற்பத்தொன்றாவதாக வாசல் வாட்ச்மேனின் ஸ்டூல் வந்தது. அதோடு நோட்டை மூடினார். ஆனால் போகவில்லை. அங்கேயே நின்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்களுக்குங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு… இருக்கட்டுங்க அம்மணி."

வேண்டுதல் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். காகிதத்தை உருவி, கார்பன் தாள்களைப் பிரித்து, மூன்று பிரதிகளையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழை பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு, "நல்லா அடிச்சிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது ஆபீஸ் திறந்த அன்றைக்குக் காலையில் பூஜை, சர்க்கரைப் பொங்கல், எல்லார் நெற்றியிலும் சந்தனம். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பெயரெழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. ஐயர் நேரம் சொன்னதும் முதலாளி, "எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காருங்க" என்றார். நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். புதுப் பிரம்பு கிறீச்சிட்டது. ஒருவர்கூட நெளியவில்லை, ஒருவர்கூட எழுந்து சரிசெய்துகொள்ளவில்லை. அவரவர் உடம்பு அவரவர் இடத்தில் போய்ப் பொருந்திவிட்டது. கதவோரத்தில் அளவுகோலை வைத்துக்கொண்டு அவர் மட்டும் நின்றார்.

முதலாளி பார்த்துவிட்டார். "நீங்களும் உக்காருங்க" என்றார்.

"இருக்கட்டுங்க."

முதலாளி தலையசைத்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். நாற்காலிக்காரர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். கால்பலகை சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

ஆறு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டார். காலில் நரம்பு புடைத்துக்கொண்டு வீக்கம், நிற்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். "நின்னுட்டே இருந்தா அப்படித்தானுங்க ஆகும்" என்றார் மூல வியாதிக் கட்சிக்காரர். மாலை போட்டு அனுப்பினோம். மாலை போடும்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவருக்குப் பிறகு நாற்காலி செய்யவும் பழுது பார்க்கவும் ஆசாரிக்குச் சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அப்படித்தான் ஒருநாள் ஆசாரி என் மேஜைக்கு வந்தார். வேறு ஏதோ பழுதுக்கு வந்தவர், போகும்போது கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, அந்த நாப்பத்திரண்டாவது நாற்காலிக்குச் சீட்டு எப்பங்க வரும்? பரண்ல எடத்தை அடைச்சுட்டுக் கெடக்குது."

"நாப்பத்தொண்ணுதானுங்களே. பட்டியல் நான் அடிச்சது."

"பட்டியல்ல நாப்பத்தொண்ணுதானுங்க. நாப்பத்திரண்டுக்கு மரம் அறுத்து எழைச்சு வெய்யின்னு அவரு வாய்ல சொன்னாருங்க. ஆபீசுல இருந்து சீட்டு வந்தாத் துண்டையெல்லாஞ் சேத்துப் பூட்டிக் குடு, வர்லீன்னா வெறகுக்குப் போட்டுக்கன்னு சொல்லிப்போட்டாரு. நல்ல தேக்கு, வெறகுக்குப் போட மனசு வர்லீங்க."

"யாருக்குங்க அது?"

ஆசாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இருவது இஞ்சு ஒசரங்க. அத்தனை நெட்டையான ஆளு உங்க ஆபீசுல வேற ஆரு இருந்தாங்க?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரம்பரை வந்தால், அதாவது விருந்தாளி வந்தால், உட்காருங்கள் என்று ஒருதடவை சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் கிடையாது. முதல் தடவையிலேயே உட்காருகிறவர்களும் கிடையாது. அப்படி உட்கார்ந்தால் உபசாரத்துக்கு அலைகிறவர் என்று பெயராகிவிடும். வந்தவர் இருக்கட்டும் என்பார், வீட்டுக்காரர் மறுபடி சொல்வார், பிறகு உட்காருவார். கிணத்துக்கடவில் எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆபீசுக்கு வந்ததும் எனக்கு அது மறந்துவிட்டது. எங்கள் எல்லாருக்கும் மறந்துவிட்டது. அவருக்கு மட்டும் மறக்கவில்லை. அத்தனை வருஷமும் இரண்டாவது தடவை சொல்கிற ஒருவருக்காக ஒரு மனிதர் எங்கள் நடுவில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். வேண்டுதலும் இல்லை, கர்வமும் இல்லை.

அன்றைக்கே சீட்டை டைப் அடித்தேன். அவர் பெயரை நான் டைப் அடித்தது அதுதான் முதல் தடவை. இங்கே அதை எழுதவில்லை, அந்தச் சீட்டில் இருப்பது போதும். மற்றச் சீட்டுகளுக்கு நடுவில் சொருகி மேனேஜரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் படித்துப் பார்ப்பதில்லை என்பது எல்லா டைப்பிஸ்டுகளுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு உக்கடத்துக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். எதிர்வாசலில் வீட்டுக்கார அம்மாள் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். வண்டிக்காரர் நாற்காலியை அறைக்குள் வைத்துவிட்டுப் போனார். நாற்காலிக்காரர் அதைக் கவிழ்த்து, மரத்துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"நல்லாப் பூட்டியிருக்கறானுங்க" என்றார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த அறையில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், துணி அடுக்கிய ஒரு கொடி. உட்கார வேறொன்றும் இல்லை. அவர் கால் வேட்டிக்குக் கீழே கருத்து வீங்கியிருந்தது.

"உக்காருங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க அம்மணி."

"உக்காருங்க. உங்களுக்குன்னு செஞ்சது."

துண்டை எடுத்து நாற்காலியின் முதுகைத் துடைத்தார்.

"மூணாவது தடவையும் சொல்றனுங்க. உக்காருங்க."

அவர் கைப்பிடியைப் பற்றினார். முழங்கால் மடங்கத் தொடங்கியது, நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்துவிட்டார்.

"நீங்க நிக்கறீங்களே அம்மணி. என்ற ஊட்டுக்கு வந்தவங்க நிக்கறப்ப நான் எப்படிங்க உக்கார்றது?" நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீங்க உக்காருங்க."

"ஐயோ, எனக்கு வேண்டாங்க."

"உக்காருங்க அம்மணி. அத்தனை தூரம் வந்துபோட்டு நின்னுட்டே போனா எனக்கு மனசு ஆறாதுங்க. உக்காருங்க."

முறைப்படி மூன்று தடவை சொல்லிவிட்டார். நான் என்ன செய்வேன்? உட்கார்ந்தேன். இருபது அங்குலம். என் கால் அந்தரத்தில் தொங்கியது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "பொறுங்க" என்று சொல்லி, அந்தக் காலை இழுத்துக்கொண்டு வெளியே போய் இரண்டு செங்கல் கொண்டுவந்தார். துண்டால் மண்ணைத் துடைத்து, என் காலுக்கடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். எட்டி நின்று பார்த்தார், கொஞ்சம் முன்னால் தள்ளினார். காபி போட்டுக் கொடுத்தார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், ஆபீசில் யார் முதுகு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அவருக்கென்று செய்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் என் முட்டாள்தனம் புரிந்தது. ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் இரண்டு பேரை எப்படி உட்கார வைக்க முடியும்? எனக்கும் ஒன்று கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஆசாரியிடம் சொல்லி ஒரு ஸ்டூல் செய்யவைத்தேன். பதினாலரை அங்குலம். ஸ்டூல் தயாரான வாரம் அப்பா இழுப்பு அதிகமாகிப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வந்தது. ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உக்கடத்துக்கு வந்து இறங்கினேன். அறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

"அவரு தங்கச்சி மவன் வந்து பல்லடத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டானுங்க" என்றார் வீட்டுக்கார அம்மாள். "காலு ரொம்ப மோசமாப் போச்சு. எந்த ஊருன்னு வெவரமாச் சொல்லலீங்க. நாற்காலியைப் பஸ்ஸுல ஏத்தமாட்டேன்னுட்டாங்க. நீங்க வந்தாக் குடுக்கச் சொன்னாரு."

நாற்காலி அவர்கள் வாசலில், சுவரோரம் இருந்தது.

"அவரு இதுல உக்காந்தாருங்களா?" என்று கேட்டேன்.

"நான் பாக்கலீங்க அம்மணி. எப்பப் போனாலும் கதவுகிட்ட நின்னுட்டுத்தான் பேசுவாரு."

நாற்காலிக்கு முன்னால் குந்தினேன். பிரம்பின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தேன். முதுகுப் பக்கம் ஆசாரி பின்னிக் கொடுத்த அன்றைக்கு இருந்ததுபோலவே விறைப்பாக இருந்தது. நடுவிலும் விறைப்பு. கையை முன்னால் நகர்த்தினேன். முன்விளிம்பில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

உட்கார்ந்திருக்கிறார். தினமும் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் யார் காலடி கேட்டாலும் எழுந்துவிடலாம் என்று, தன் அறையில், தன் நாற்காலியில், விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். கையை எடுக்க முடியாமல் அப்படியே அழுதேன்.

வீட்டுக்கார அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எந்திரிச்சு மேல உக்காருங்க அம்மணி" என்றார்.

"இருக்கட்டுங்க" என்றேன்.

அந்த அம்மாள் காபி போட உள்ளே போய்விட்டார்.